ஒவ்வாமைக்குப் பெயரிட்ட பிர்கே

உடலில் திடீரெனத் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிப்பெடுத்தால், நம் ஊர்ப் பெரியவர்கள் அதனைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்பது அதன் பொருள். உடனே வேப்பிலை கொண்டு மந்திரிக்க ஏற்பாடு நடக்கும். வெளியிலிருந்து எதுவும் கடிக்காமலேயே, உடல் தானாகவே இவ்வாறு மாறக்கூடும் என்பதை விளக்கி, அந்நிலைக்கு அலர்ஜி என்று பெயரிட்டவர் ஆஸ்திரிய நாட்டுக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே ஆவார். ஒவ்வாமை என்று நாம் தமிழில் வழங்குவதும் இதனையே. அன்னாரின் வாழ்க்கை அறிவியல் மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

பிர்கே 1874-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், வியன்னா நகரை அடுத்த ஹிர்ஷ்ஷ்டெட்டன் என்னும் ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் இன்ஸ்புருக்கில் இறையியலும், பின்னர் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் பயின்றார். இவை தமக்குரிய துறைகள் அல்ல என்று உணர்ந்து மருத்துவத்திற்கு மாறி, 1900-இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்பு வியன்னாவில் எஷரிஷ் என்னும் புகழ்பெற்ற மருத்துவரின் கீழ்க் குழந்தைகள் மருத்துவமனையில் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகப் பலி கொண்டது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசி மூலம் செலுத்தி மருத்துவர்கள் பல உயிர்களைக் காத்தனர். ஆனால் பிழைத்த குழந்தைகளுள் சிலருக்கு, ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் கழித்துக் காய்ச்சலும், தடிப்பும், மூட்டுவலியும் தோன்றின. அதே குழந்தைக்குச் சில காலம் சென்று இரண்டாவது முறை சீரம் செலுத்தினால், அத்தொல்லைகள் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தோன்றின.

குற்றம் சீரத்தில்தான் என்று பலரும் எண்ணினர். பிர்கேயோ ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசி போட்ட நாளையும், தடிப்பு எழுந்த நாளையும் குறித்து வைத்தார். சீரம் நஞ்சு என்றால் முதல் நாளே தொல்லை தந்திருக்க வேண்டும். இடையில் ஏன் இத்தனை நாட்கள்? இரண்டாம் முறை ஏன் இத்தனை விரைவு? முதல் சந்திப்பில் உடல் அயற்பொருளை அறிந்து எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அடுத்த சந்திப்பில் அது விரைந்து செயல்படுகிறது. நோயைத் தடுக்கும் அதே ஆற்றல் சில வேளைகளில் நோயையும் உண்டாக்குகிறது என்று முடிவு செய்தார். இக்கருத்தைச் சுருக்கமாக எழுதி, 1903-இல் முத்திரையிட்ட உறையில் வியன்னா அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். 1905-இல் தம் உடன் பணியாற்றிய பேலா ஷிக்குடன் சேர்ந்து சீர நோய் பற்றிய நூலை வெளியிட்டார். 1906-இல், மாறுபட்ட செயல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அலர்ஜி என்னும் சொல்லை உருவாக்கினார். இப்படியொரு புதுச்சொல் தேவையில்லை என்று எதிர்த்தவர்களும் உண்டு.

இவையெல்லாம் தொலைதூரச் செய்தி என்று எண்ண வேண்டாம். நம் புறநகருக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைக் கொண்டு, இன்றும் குதிரைகளின் உடலில்தான் பாம்புக்கடி மருந்து உருவாக்கப்படுகிறது. அதனைச் செலுத்தும் மருத்துவர் நோயாளியின் அருகிலிருந்து கவனிப்பதும் இதே ஒவ்வாமைக்கு அஞ்சியே.

1907-இல் பிர்கே மற்றொரு சாதனை புரிந்தார். முன்கைத் தோலைச் சிறிது கீறி டியூபர்குலின் துளியை இட்டு, அவ்விடம் ஓரிரு நாளில் சிவந்து தடிப்பதைக் கொண்டு காசநோய்க் கிருமி உடலில் புகுந்துள்ளதா என அறியும் முறையைக் கண்டார். இதனைப் பிரெஞ்சு மருத்துவர் மாந்தூ மறு ஆண்டே திருத்தி அமைத்தார். 1928-இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்கென நிறுவிய தாம்பரம் சானடோரியத்தை அன்றாடம் ரயிலில் கடந்து செல்லும் நமக்கு, இதன் அருமை தெரியாமல் போகாது.

பின்னர் பிர்கே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும், பிரெஸ்லாவிலும் பேராசிரியராக விளங்கி, 1911-இல் வியன்னாவுக்கே திரும்பினார். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியக் குழந்தைகள் பசியால் வாடியபோது, அமெரிக்க உதவியுடன் நடந்த உணவளிப்புப் பணியை முன்நின்று நடத்தினார். ஒரு கிராம் பாலின் ஊட்டத்தையே அளவுகோலாகக் கொண்டு குழந்தைக்குரிய உணவைக் கணக்கிட்டார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவரும் அவர் துணைவியாரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தியாகும்.

பிர்கேயின் முறை நம் வீட்டிற்கும் பயன்பட்டது. என் தங்கை தள்ளுவண்டிக் கடையில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்ட இருமுறையும் அவளுக்குத் தடிப்பு எழும்பியது. பாட்டி காணாக்கடி என்றார். மூன்றாம் முறை உதடு வீங்கி மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றிய மருத்துவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: என்ன சாப்பிட்டாள்? எவ்வளவு நேரத்தில் இது வந்தது? பின்னர் நடந்த சோதனையில் சோயா அவளுக்கு ஆகாது என்று தெரிந்தது. காரணம் சோயா சாஸ். கடைக்காரர் மேல் குற்றமில்லை.

சோயா சாஸ் பெரும்பாலும் சோயாவுடன் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைத்துச் செய்யப்படுவது. எனவே கோதுமை ஆகாதவர்களுக்கும் அது தொல்லை தரலாம். எது காரணம் என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும். முன்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் இனியும் ஆகாது என்று கூற இயலாது. உடல் முதலில் அறிந்து, பிறகுதான் எதிர்க்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி தோன்றினால் உண்டதையும் நேரத்தையும் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அப்போது உயிர்காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே. அடைத்து விற்கும் உணவுகளின் உறையில் சோயா, கோதுமை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. தள்ளுவண்டிக்கு உறையில்லை, ஆதலால் வாய் திறந்து கேட்பதே வழி.

நண்பர்களே, விடுதியில் ஒருவர் ஒரு பண்டத்தைத் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், அவரை நாகரிகம் தெரியாதவர் என்று கேலி செய்து உண்ணச் செய்யாதீர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் சொன்னேன். பாட்டி இப்போது தங்கை எதைத் தின்றாலும் கடிகாரத்தைப் பார்த்துக் கொள்கிறார். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு பிர்கே செய்த பணியின் பயன் இதுவே.