தாவரவியல் மேதை ஜானகி அம்மாள்

காட்டுமன்னார்கோயிலில் வாழும் நமக்கு வீராணம் ஏரியும் நெல் வயலும் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளும் புதியன அல்ல. ஆனால் கரும்பின் உயிரணுவை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றவர் ஒரு பெண்மணி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே டாக்டர் ஜானகி அம்மாள்.

இவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதித்துறை அலுவலர். செடிகொடிகளில் பெருவிருப்பம் உடையவர். நம்மைப் போலவே ஜானகியும் கன்னியர் மடத்துப் பள்ளியில் கல்வி கற்றார். பின்பு சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும், மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சகோதரிகள் மணம் முடித்து இல்லறம் ஏற்க, இவரோ கல்வியையே துணையாகக் கொண்டார். உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த பருத்த கரும்பையும், நோயைத் தாங்கும் காட்டு நாணலையும் கலந்து புதிய இனங்களை உண்டாக்கும் பணி அங்கு முன்பே நடந்து வந்தது. ஜானகி அம்மாள் இவற்றின் உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கி வழியே எண்ணி ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட இணைத்துக் காட்டினார். ஆயினும் பெண் என்பதாலும், பிறந்த சாதியாலும், மணமாகாதவர் என்பதாலும் சக விஞ்ஞானிகளிடையே அவர் தனித்து நிற்க நேர்ந்தது. அதற்காக அவர் நுண்ணோக்கியை விட்டு எழுந்துவிடவில்லை.

1939இல் ஸ்காட்லாந்தில் நடந்த மாநாட்டுக்குச் சென்றபோது உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, குண்டுகள் விழுந்த நாட்களிலும் ஆய்வைத் தொடர்ந்தார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். பின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளுக்குக் கால்சிசின் என்னும் மருந்தை இட்டு, குரோமோசோம்களை இருமடங்காக்கினார். நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே கால்சிசின்தான்! அங்கு ஒரு மக்னோலியா வகை இன்றும் இவர் பெயரைத் தாங்கிப் பூக்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு இவரிடம் தரப்பட்டது. 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எண்பது வயதை எட்டிய பின்பும் இவர் ஓயவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைநீர் மூழ்கடிக்கக் கூடாது என்று போராடியவர்களுடன் நின்றார். 1984 பிப்ரவரியில் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, காடு இருக்கிறது.

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்னும் சொல் நம்மில் சிலர் வீட்டில் இன்றும் எழுவதுண்டு. அப்போது ஜானகி அம்மாளின் கதையை நம் பெற்றோருக்குச் சொல்வோம். வயல் சூழ்ந்த ஊரில் வளரும் நமக்கு, ஆராய்ச்சி செய்யப் பயிர்களுக்கா பஞ்சம்?