பிள்ளையின் கைக்குப் பாடம் கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மையார்



பரிசளிப்பு விழாவில் மேடையேறும் பிள்ளைகளுக்கு நாம் கை தட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். மேடையேறாத பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. படிப்பு ஏறாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பாடுபட்ட டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்பிள்ளைக்கு டாக்டர் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. ஆண் மாணவர்களோடு நின்று பிணத்தை அறுத்துப் படிக்க அவருக்கு அனுமதியில்லை. எல்லாரும் போன பிறகு தனியாக நின்று படித்தார். 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கே மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை மனநோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். எடுத்து விளையாட ஒரு சாமான்கூட அவர்களுக்குக் கிடையாது. இதார், செகான் என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைப் படித்த அம்மையார், தொட்டுப் பழகும் கருவிகளைச் செய்து கொடுத்தார். அப்பிள்ளைகளில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையை எழுதித் தேறிவிட்டார்கள்! ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். அம்மையாருக்கோ வேறு கவலை. குறையில்லாத பிள்ளைகளும் இதே அளவுதான் தேறுகிறார்கள் என்றால், கோளாறு பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்கிறது?

1907 ஜனவரி 6ஆம் நாள், ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவரைக் கிறுக்கினார்கள். அதனால் கட்டடக்காரர்களே ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்கள். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஆயாக் கொட்டகை இருந்ததே, ஏறக்குறைய அது மாதிரிதான். ஐம்பது பிள்ளைகள் கூடிய அந்த அறைதான் உலகப் புகழ்பெற்ற குழந்தைகள் இல்லம்.

அவருடைய கருவிகளைப் பாருங்கள். தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டினார். பிள்ளை அதை விரலால் தடவும், கண் பார்க்கும், வாய் ஒலியைச் சொல்லும், காது கேட்கும். ஒரே எழுத்து நாலு வாசல் வழியாக உள்ளே போகிறது. பல அளவுத் துளைகள் உள்ள கட்டையில், உருளைகளைப் பொருத்த வேண்டும். ஒன்று தப்பினால் கடைசி உருளை பொருந்தாது. பிள்ளை தானே தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். யாரும் திட்ட வேண்டியதில்லை. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் பத்து. பத்துக் கம்பிகள் நூறு. நூறுகளைப் பத்தாக அடுக்கினால் ஆயிரம் கையில் கனக்கும். நாலைந்து வயசுப் பிள்ளைகளே எழுதத் தொடங்கினார்கள்!

பின்னர் முசோலினி அரசோடு ஒத்துப்போகாமல் அம்மையார் தாய்நாட்டை விட்டுப் பிரிந்தார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்து, சுமார் முந்நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று மகன் மாரியோவை வெள்ளைக்கார அரசாங்கம் அடைத்து வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளில்தான் விடுதலை செய்தது. அதன்பின் நம் கேமரன் மலையைப் போலவே குளிரும் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் தம் 81ஆம் வயதில் மறைந்தார்.

இன்று வகுப்பறைக்குக் கணினியும் திரையும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் இவன் கண்ணால் கற்பவன், அவன் காதால் கற்பவன் என்று சிலர் பிள்ளைகளுக்கு முத்திரை குத்துகிறார்கள். இந்தப் பிரிவினைக்குத் தக்க ஆதாரம் இல்லை என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வாசலையும் திறந்து வைப்பதே அம்மையார் காட்டிய வழி. திரை படத்தைக் காட்டும், ஒலியைக் கேட்க வைக்கும். ஆயிரத்தின் கனத்தைக் கையில் தராது.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! இதற்குக் காசு பணம் தேவையில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதித்தானே படித்தார்கள்? வேலை முடிந்து வந்ததும் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதச் சொல்லுங்கள். ழகரம் வராவிட்டால் இன்னொரு தடவை, இன்னொரு விதமாகச் சொல்லிக் கொடுங்கள். மக்கு என்ற சொல்லை மட்டும் வீட்டிலும் பள்ளியிலும் சொல்லவே வேண்டாம். இன்று கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைக்கு எந்த வாசல் இன்னும் திறக்கவில்லை என்று பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து தேடுவோம்.

வாழ்க அம்மையாரின் தொண்டு!