கடல் கடந்த இராமசாமி

ஆடித் திங்களில் சேலத்துக் கோட்டை மாரியம்மன் திருவிழாவும், வைகாசித் திங்களில் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவும் நடைபெறும் நாள்களில், சுற்றுப்புறச் சிற்றூர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு புறப்படுவது முன்னாள் வழக்கம். தேரோடும் வீதிக்குச் சற்று அப்பால், புளிய மர நிழலில், இன்னொரு கூட்டமும் வட்டமாக நிற்கும். அங்கே கழைக்கூத்தர் கயிற்றின்மேல் நடப்பர். செப்படி வித்தைக்காரர் கிண்ணங்களைக் கவிழ்த்து நிமிர்த்துக் காண்போரை மயக்குவர். மற்றொருவர் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வானில் எறிந்து, ஒன்றும் நிலத்தில் விழாமல் பிடித்துக் காட்டுவர். ஆட்டம் முடிந்ததும் விரித்த துணியில் சில காசுகள் விழும். கூட்டம் கலையும். ஆடியவர் பெயரை எவரும் கேட்பதில்லை.

இத்தகைய கலைஞர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். இலண்டன் மாநகரின் அரங்குகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அவர் பெயர் விளங்கிற்று. ஆங்கிலேயர் அவரை ‘ராமோ சாமீ’ என்று எழுதினர், அவ்வாறே அழைத்தனர். அவ்வெழுத்துகளைச் சற்றே சேர்த்துப் படித்தால் ‘இராமசாமி’ என்னும் தென்னாட்டுப் பெயர் தெளிவாகத் தோன்றும். சேலம், நாமக்கல் சமவெளியில் தெருவுக்கு ஒருவரேனும் தாங்கியிருக்கும் பெயர் அது. பிறந்தபோது சூட்டிய பெயர் இரண்டு துண்டாக உடைந்து, அவ்வுடைந்த வடிவிலேயே உலகப் புகழ் பெற்றது.

அக்காலத்து நாட்டு நிலையை எண்ணிப் பார்த்தால் இப்பயணம் நிகழ்ந்தவாறு விளங்கும். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டில், திப்பு சுல்தான் சேலம் பகுதியையும் பாரமகாலையும் கும்பினியாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. 1801இல் கருநாடக நவாபின் ஆட்சியும் கும்பினியின் கைக்குச் சென்றது. அரண்மனைகளையும் பாளையங்களையும் நம்பி வாழ்ந்த கலைஞர் பலர் ஆதரவு இழந்தனர். கும்பினிக் கப்பல்களோ ஆண்டுதோறும் துணியும் அவுரியும் மிளகும் ஏற்றிக்கொண்டு இலண்டனுக்குச் சென்றன. சரக்கோடு சரக்காக வித்தையையும் கொண்டு சென்றால் பொருள் ஈட்டலாம் என்று கப்பல் தலைவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1813ஆம் ஆண்டில் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று இலண்டனில் வந்திறங்கி, செல்வர் வாழும் பால் மால் வீதியில் நிகழ்ச்சிகளைத் தொடங்கிற்று. அந்நாள்களில் புகழ் பெற்ற இந்தியக் கலைஞருள் தலைசிறந்தவராக விளங்கியவர் இராமசாமியே.

அவர்கள் காட்டிய வித்தைகள் பல. வெள்ளாடை உடுத்துத் தலைப்பாகை அணிந்த கலைஞர் தரையில் அமர்ந்துகொள்வார். பித்தளைப் பந்துகள் இரண்டினை முதலில் எறிந்து பிடிப்பார். அஃது எவரும் சற்று முயன்றால் செய்யக்கூடியதே. பின்னர் பந்துகள் நான்காகும். அவை முன்னும் பின்னும் பக்கமும் பறந்து, ஏவலர்போலக் கைக்குத் திரும்பி வரும். கால் விரல்களில் வளையங்கள் சுழலும். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, வாய்க்குள் நாவானது மணிகளை நூலில் கோக்கும். தனித்தனியே வாயிலிட்ட மணிகளும் குதிரை மயிரும் வெளிவரும்போது கோத்த மாலையாக வரும்.

நான்கு பந்து ஆடுவதன் அருமையை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். கையிலிருந்து ஓரடி உயரம் எறிந்த பந்து ஏறி இறங்க அரை வினாடி ஆகும். ஒரு வினாடி அது வானில் நிற்க வேண்டுமாயின் நான்கடி உயரம் எறிதல் வேண்டும். இரண்டு வினாடிக்கோ பதினாறடி உயரம் வேண்டும். காலத்தை இருமடங்காக்க விரும்பினால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். ஆகவே உயர எறிந்து ஓய்வு தேடலாம் என்று எண்ணுவோர் ஏமாந்து போவர்; உயரம் மிகுந்தால் பந்து விலகி விழும் இடமும் மிகும். அமர்ந்த நிலையிலிருந்து, தாழ்வாக எறிந்து, நான்கு பந்துகளுக்கும் இரு கைகளே ஈடு கொடுப்பதற்குக் கண்ணைவிடக் கையின் பழக்கமே பெரிதும் உதவும். அப்பழக்கம் ஒரு திங்களில் வருவதன்று. ஓர் ஆண்டில் வருவதும் அன்று. இளமையிலிருந்தே நாள்தோறும் பழகிய கையே அதற்கு உரியது.

பந்து எறிந்து பிடிக்கும் ஆடல் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. மகளிர் பல காய்களை மாறி மாறி வீசிப் பிடிக்கும் விளையாட்டுக்கு அம்மானை என்று பெயர். சிலப்பதிகாரத்தில் அம்மானைப் பாடல்கள் உண்டு. மாணிக்கவாசகர் திருவம்மானை பாடினார். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கெனவே ஒரு பருவம் வகுக்கப்பட்டுள்ளது. சிற்றூர்த் திண்ணைகளில் சிறுமியர் கல்லாங்காய் ஆடுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வீட்டு முற்றத்தில் விளையாட்டாக இருந்தது, கூத்தர் கையில் தொழிலாகி, இராமசாமியின் காலத்தில் கடல் கடந்தது.

இலண்டனில் இவ்வாடலைக் கண்டவர்களுள் வில்லியம் ஹாஸ்லிட் என்னும் எழுத்தாளரும் ஒருவர். ஆங்கிலக் கட்டுரை ஆசிரியருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அவர். 1821இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் இந்திய வித்தைக்காரரைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். அவர் கண்டது இராமசாமியின் ஆட்டமே என்று அறிஞர் பலர் கருதுவர். பந்துகள் கலைஞரைச் சுற்றி வருவதைக் கோள்கள் தம் பாதையில் சுற்றுவதற்கு அவர் ஒப்பிட்டார். அதனினும் வியப்பானது அவர் அடுத்துச் சொன்ன செய்தி. அவ்வாட்டத்தைக் கண்டபோது அவருக்குத் தம் தொழிலைப் பற்றி நாணம் உண்டாயிற்றாம். வித்தைக்காரரின் கை மயிரிழை தவறினாலும் பந்து விழுந்துவிடும். பிழை உடனே தெரிந்துவிடும். எழுத்தாளரோ எத்தனை பிழை செய்தாலும் சொற்களால் மூடி மறைத்து உலவலாம். இத்துணைச் செம்மையாகச் செய்யத்தக்க செயல் ஒன்றேனும் தம்மிடம் உண்டோ என்று அவர் தம்மையே வினவிக்கொண்டார். ஆளும் நாட்டைச் சேர்ந்த அறிஞர் ஒருவர், ஆளப்படும் நாட்டிலிருந்து வந்து தரையில் அமர்ந்து பந்தாடிய ஒருவர் முன் இவ்வாறு தலை தாழ்த்தினார். அக்காலத்தில் இஃது அரிய நிகழ்ச்சியே ஆகும். எனினும் கையின் திறமையைவிட உள்ளத்தின் ஆற்றலே பெரிது என்னும் முடிவையும் ஹாஸ்லிட் அக்கட்டுரையில் விடவில்லை.

அதே ஆண்டுகளில் கீழ்நாட்டு ஆடல் மற்றொன்றும் இலண்டனிலும் பாரிசிலும் பரவியிருந்தது. இரண்டு கோல்கள், அவற்றின் முனைகளை இணைக்கும் ஒரு கயிறு, அக்கயிற்றின்மேல் சுழலும், உடுக்கை வடிவான ஒரு கட்டை. சீன நாட்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குச் சென்ற இவ்விளையாட்டு, 1812ஆம் ஆண்டளவில் செல்வர் இல்லங்களில் பெருமோகமாக விளங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் பிலிப்பார் என்னும் பொறியாளர் இதற்குப் புத்துயிர் அளித்தபின், டயாபோலோ என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்தது. வலக் கைக் கோலை மேலும் கீழும் விரைந்து அசைக்க, கயிறு உராய்ந்து கட்டை சுழலும். வேகம் மிக மிகக் கட்டை ஆடாமல் நேராக நிற்கும். பம்பரம் நிற்பதும் இவ்விதியினாலேயே. வேகம் பெற்ற கட்டையை வானில் எறிந்து, இழுத்துப் பிடித்த கயிற்றில் மீண்டும் ஏந்துவது இதன் சிறப்பு. கோல்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்து வேண்டும். இரண்டும் ஒரே நீளமும் ஒரே எடையும் உடையனவாக இருத்தல் வேண்டும். கனத்த கோல் மணிக்கட்டைச் சோர்வடையச் செய்யும். மிக மெல்லிய கோலோ இழுப்புக்கு வளைந்து கொடுத்துவிடும்.  இராமசாமியின் பந்துகளும் இவ்வாறே ஒத்த எடையுடையனவாக இருந்தாலன்றி அவர் கை கண்மூடிய நிலையில் கணக்குத் தவறாது இயங்கியிருக்க இயலாது. சீனத்து விளையாட்டைப் பெட்டியில் இட்டுக் கொண்டு செல்ல முடிந்தது. அதனைச் சில நாள்களில் ஐரோப்பியச் சிறுவரும் கற்றுக்கொண்டனர். பித்தளைப் பந்தாட்டத்தைக் கொண்டு செல்ல மனிதரே செல்ல வேண்டியிருந்தது.

ஆயினும் மக்கள் பெரிதும் விரும்பியது பந்தாட்டத்தை அன்று. வாள் விழுங்கும் வித்தையைக் காணவே அரங்குகள் நிறைந்தன. தலையைப் பின்னே சாய்த்து வாயும் தொண்டையும் நேர்கோடாக அமையுமாறு செய்து, உணவுக்குழலின் வழியே வாளினைச் செலுத்தும் கொடிய வித்தை அது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. வாள் உண்மையாகவே உள்ளே செல்லும். சிறிது பிறழ்ந்தாலும் உயிருக்கு இறுதியாகும். ஹாஸ்லிட் இதனைச் சிறிதும் விரும்பவில்லை. காவலர் தலையிட்டுத் தடுக்கவேண்டும் என்றே எழுதினார். ஆனால் சுவரொட்டிகளில் வாளே முதலிடம் பெற்றது. கலைஞர் எதனை அருமை என்று மதிக்கிறார் என்பதை அரங்கின் உரிமையாளர் கேட்பதில்லை. நுழைவுச் சீட்டு எதனால் விற்கும் என்பதையே கேட்பர்.

1819இல் இராமசாமி அட்லாண்டிக் கடலையும் கடந்து அமெரிக்க நாட்டில் தம் வித்தைகளைக் காட்டினார். அக்காலத்தில் பாய்மரக் கப்பலில் அக்கடலைக் கடக்கப் பல கிழமைகள் ஆகும். அங்கிருந்து மீண்டபின் இலண்டனே அவர் வாழிடம் ஆயிற்று. ராயல் கோபர்க் அரங்கு, வாக்ஸ்ஹால் பூங்கா முதலிய இடங்களில் அவர் தோன்றினார். எல்லென் என்னும் மங்கையை மணந்து இல்லறம் நடத்தினார். பிற ஊர்களுக்கும் சென்று ஆடினார். வித்தைக்காரர் என்றதும் ஆங்கிலேயர் நினைவில் முதலில் எழும் பெயராக அவர் பெயர் அமைந்தது. தாக்கரே என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியர், பகட்டு மனிதரை எள்ளி எழுதிய நூலில், விருந்தின்போது கத்தியால் உணவை வாயிலிடும் ஓர் உயர்குல மங்கையைக் குறிப்பிட நேர்ந்தது. அதற்கு அவர் எடுத்த உவமை இராமசாமி வாள் விழுங்குவதே. உவமையில் வரும் பெயரை விளக்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. படிப்போர் அனைவரும் அறிந்த பெயர் அது.

புகழ் இவ்வாறு பரவியிருந்தும் செல்வம் சேரவில்லை. அரங்கக் கலைஞர்க்கு ஆடிய நாளில்தான் கூலி. ஆடாத நாளில் இல்லை. முதுமை வந்து கை தளர்ந்த காலத்தில் துணை நிற்க, குடியேறிய நாட்டில் உற்றார் கூட்டமும் இல்லை. பிறந்த நாட்டிலோ அவரை நினைப்பார் இல்லை. இதற்கிடையில் புதிய புதிய வித்தைக்காரர் தோன்றினர். இந்திய உடையைத் தாமே உடுத்து, இந்தியப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டு ஆடிய ஆங்கிலேயரும் இருந்தனர். மூலம் ஒருவரிடம் இருக்க, அதன் சாயலைக் கொண்டு பிறர் பொருள் ஈட்டினர்.

1850ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இராமசாமி இலண்டனில் காலமானார். அடக்கச் செலவுக்கும் வீட்டில் பணம் இருக்கவில்லை. அவர் மனைவி, விளையாட்டுச் செய்திகளை வெளியிடும் ‘பெல்ஸ் லைஃப்’ என்னும் இதழின் வாயிலாகப் பொதுமக்களிடம் உதவி வேண்டினார். நாற்பது ஆண்டுகளாகக் கைதட்டிய நகரத்தினிடம், அக்கைகளைப் பணப்பைக்குள் ஒரு முறை விடுமாறு கேட்க வேண்டிய நிலை அவ்வம்மையாருக்கு நேர்ந்தது.

இலண்டன் நகரத்து ஏழை உழைப்பாளரைத் தேடிச் சென்று, அவர்தம் வாழ்க்கையைக் கேட்டு எழுதியவர் ஹென்றி மேஹியூ. தெருவில் பந்தும் கத்தியும் எறிந்து பிழைக்கும் ஆங்கிலேயர் ஒருவரையும் அவர் கண்டு உரையாடினார். இத்தொழிலில் அம்மனிதருக்கு நாட்டம் பிறந்தது, இளமையில் இராமசாமியின் ஆட்டத்தைக் கண்டபோது. ஆசிரியர் என்று ஒருவர் அருகிருந்து கற்பிக்கவில்லை. அரங்கில் கண்டதை நினைவில் வைத்து, தாமே எறிந்தும் தவறவிட்டும் மீண்டும் எறிந்தும் அவர் பழகினார். இராமசாமி மறைந்த பின்னரும் அந்நகரின் தெருமுனைகளில், ஆங்கிலேயர் கைகளில், அப்பந்துகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.