மந்தையைத் தேடிச் சென்ற மேய்ப்பர்



ஜூபிலி ஆண்டில் ஒரு பங்கு தன் முன்னோரை நன்றியோடு நினைப்பது வழக்கம். கோவில் கட்டியவர்களை நினைக்கிறோம்; கொடை தந்தவர்களை நினைக்கிறோம். கோவிலும் இன்றி, குருவும் இன்றி, விசுவாசத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களையும் இந்நாளில் நினைப்பது தகும். அப்படிப்பட்ட மக்களைத் தேடிச் சென்ற ஒரு குருவானவரின் வரலாற்றை இம்மலரில் உங்கள் முன் வைக்கிறேன். இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்பெறும் புனித ஜோசப் வாஸ் அடிகளாரே அவர்.

1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவா நாட்டில் பெனாலிம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். இயேசு சபையாரிடமும் சாமிநாதர் சபையாரிடமும் கல்வி கற்று, 1676-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டிலேயே தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்துப் பத்திரம் எழுதி வைத்தார். அன்று முதல் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத வாழ்வு அவருடையது.

அக்காலத்தில் இலங்கையின் நிலை என்ன? 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கோவில்கள் பறிபோயின. ஒரு குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. மக்கள் என்ன செய்வார்கள்? கதவை அடைத்து, விளக்கைத் தணித்து, வீட்டுக்குள்ளே செபமாலை சொன்னார்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்றுக் கொடுத்தார்கள். ஆண்டுகள் பத்து, இருபது என்று ஓடின. பாவசங்கீர்த்தனம் செய்ய வழியின்றி, நற்கருணையைக் காணாமலே கண்மூடியவர்கள் எத்தனையோ பேர்.

இந்தச் செய்தி வாஸ் அடிகளாரின் நெஞ்சைத் துளைத்தது. கன்னட நாட்டில் சில ஆண்டுகள் மறைப்பணி ஆற்றியபின், 1685-இல் கோவாக் குருக்கள் சிலரோடு சேர்ந்து, புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்குப்படி ஒரு குருக்கள் சபையை நிலைப்படுத்தி, அதன் தலைவரானார். ஆயினும் அவர் மனம் தலைமையில் நிலைக்கவில்லை. 1686-இல் பதவியை விட்டு, யோவான் என்னும் ஊழியரோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். தூத்துக்குடியில் கப்பல் ஏறினார். அங்கி இல்லை, பரதேசிக் கோலம். கடலில் புயல் அடித்தது. 1687-இல் ஒருவாறு கரை சேர்ந்து யாழ்ப்பாணத்தை அடைந்தபோது, கடும் வயிற்றுக்கடுப்பால் உயிருக்குப் போராடும் நிலையில் இருந்தார்.

உடல் தேறியதும் அடுத்த கேள்வி எழுந்தது. ஒளிந்திருக்கும் கத்தோலிக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? தவறான வாசலில் உண்மையைச் சொன்னால் மரணம் நேரலாம். அவர் கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். பிச்சையிடுவோரின் கண் அந்தச் செபமாலையில் தங்குகிறதா என்று கவனித்தார். அப்படித்தான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றிக் கிடந்த மந்தை தன் மேய்ப்பரை அறிந்துகொண்டது. சில்லாலையில் தங்கி, இரவு நேரங்களில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார்.

இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1690-ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் அகப்படவில்லை, மக்கள் அகப்பட்டார்கள். கொடுமையான தண்டனையில் உயிர் விட்டவர்களும் உண்டு. ஆண்டவரை நம்பியவருக்குத் துன்பமே வராது என்று நினைப்போர் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

பின்னர் அவர் புத்தளம் வழியாகக் கண்டி அரசனின் நாட்டுக்குச் சென்றார். 1692-இல் கண்டிக்குள் நுழைந்தவரைப் போர்த்துக்கீசிய ஒற்றன் என்று சொல்லிக் காவலில் வைத்தார்கள். விடுதலை எப்போது என்று தெரியாது. உதவிக்கு வேறு குரு இல்லை. அடிகளார் புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. காவலில் இருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார். நாளை அந்த மக்களுக்குப் போதிக்கும் காலம் வரும் என்று நம்பியவர் இன்றே அவர்கள் மொழியைக் கற்றார். இதுவே கிறிஸ்தவ நம்பிக்கை, அன்பர்களே! நாளைய விளைச்சலை ஆண்டவரிடம் விட்டுவிட்டு, இன்றைய உழவை உழுவது.

நாட்டில் கடும் வறட்சி வந்தபோது அவர் பீடம் அமைத்து மன்றாடினார் என்றும், பெருமழை பெய்தது என்றும் மரபு கூறுகிறது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்தரமாகப் பணிபுரிய அனுமதி தந்தான். 1697-இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் நகரை விட்டு அகன்றான். நோயாளிகளை அவர்களுடைய உறவினரே கைவிட்டனர். அடிகளாரோ மதம் பாராமல் அவர்களுடைய புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்.

ஏறத்தாழ பத்தாண்டுகள் தனியொருவராய்த் தீவெங்கும் அலைந்தபின்னரே கோவாவிலிருந்து துணைக் குருக்கள் வந்து சேர்ந்தனர். 1705-இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் ஞான நூல்கள் பல இயற்றினார். குரு இல்லாத நாள்களில் சபையைக் கட்டிக்காக்க மூப்பர்களும் அண்ணாவிமாரும் ஊர்தோறும் நியமிக்கப்பட்டனர். தம்மைத் தேடி வந்த ஆயர் பதவியை வாஸ் அடிகளார் ஏற்கவில்லை. 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். கோவாவுக்கு அவர் திரும்பவே இல்லை.

ஒல்லாந்தரின் தடைச்சட்டம் நீங்கியதை அவர் கண்ணால் காணவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806-இல்தான் கத்தோலிக்கருக்கு விடுதலை கிடைத்தது. அவர் மறைந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின்! 1995-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு அளித்தார். 2015 ஜனவரி 14-இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

பங்கு மக்களே, உங்களுள் கடன் தீராத குடும்பம் உண்டு. நெடுநாள் நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் உண்டு. வழி தவறிய மகனுக்காக ஆண்டுக்கணக்கில் செபமாலை சொல்லும் தகப்பன் உண்டு. பலன் காணவில்லையே என்று சோர்ந்து போகாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அடைத்த கதவுக்குள் செபித்த அந்தப் பெற்றோருள் பலர் குருவைக் காணாமலே மறைந்தார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த செபமாலைதான், வாசலில் நின்ற பரதேசியைக் குரு என்று அடையாளம் காட்டியது. அவர்களுடைய செபம் வீண்போகவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில் பலித்தது.

இந்த ஜூபிலி விழாவில் நாம் எடுக்கக்கூடிய தீர்மானம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் மாலைச் செபம் அணையாதிருக்கட்டும். யார் வாசலில் வந்து நிற்பார், எந்தத் தலைமுறையில் விடிவு வரும் என்பதை ஆண்டவர் அறிவார். புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் மன்றாட்டால் நம் பங்கு விசுவாசத்தில் தழைத்தோங்குவதாக!