பனியின் காலம் கண்ட பிளான்போர்டு

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாய் இருக்கும் நம் கம்போங் மேடானில், ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் அன்றி வேறெங்கே நாம் பனிக்கட்டியைக் காண்கிறோம்? வெப்பம் மிகுந்த இந்திய மண்ணில் முன்னொரு காலத்தில் பனி பரவியிருந்தது என்று கூறினால் நம்புவோமா? அவ்வாறு கூறத் துணிந்தவர்களுள் ஒருவர் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு.

இவர் 1832ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். சுரங்கக் கல்லூரியில் பயின்று, 1855இல் தம் இளவல் ஹென்றியுடன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இன்றைய ஒடிசாவிலுள்ள தால்சேர் நிலக்கரிப் பகுதியை ஆராய்வதே அவர்தம் முதற்பணியாக அமைந்தது.

1856இல் அங்கே, நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே ஒரு விந்தையைக் கண்டனர். மெல்லிய சேறு இறுகிய பாறைக்குள் பெரும் உருண்டைக் கற்கள் பதிந்து கிடந்தன. மாணவர்களே, பெருமழைக்குப் பின் கால்வாயோரம் உற்றுநோக்குங்கள். கல் ஓரிடத்திலும் மணல் ஓரிடத்திலும் சேறு வேறிடத்திலும் தங்கியிருக்கும். பெருங்கல்லை உருட்டும் வெள்ளம் மெல்லிய சேற்றைத் தங்க விடாது. பனியோ இரண்டையும் ஒருசேரச் சுமந்து ஒருசேர இறக்க வல்லது. ஆகவே, இது பனியின் செயல் என்று உடன்பிறந்தார் இருவரும், உடன் பணியாற்றிய தியோபால்டும் எடுத்துரைத்தனர்.

வெப்ப நாட்டில் பனியா என்று பலர் ஐயுற்றனர். 1872இல் பெட்டன் என்பார், பென்கங்கை ஆற்றுப் பகுதியில் இத்தகைய படிவின் அடிப்பாறை வழவழப்பாகத் தேய்ந்து, கீறலுற்றிருப்பதைக் கண்டார். அது பனி நகர்ந்து சென்ற தடமேயாகும்.

ஆயினும், அப்பனி எக்காலத்தது? மேலடுக்குகளில் கல்லாய்ப் பதிந்திருந்த இலைகளைக் கண்டு, பிற்காலத்தது என்றனர் சிலர். 1882இல் ஓய்வு பெற்ற பின்னும் பிளான்போர்டு இவ்வினாவைக் கைவிடவில்லை. பஞ்சாபின் உப்பு மலையிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்த பழங்கடற் சிப்பிகளை ஒப்புநோக்கி, அது மிகத் தொன்மையான ஊழியைச் சேர்ந்தது என்று 1886இல் வாதிட்டார். முதற்காட்சிக்கும் இம்முடிவுக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! அப்பனிக்காலம் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று இன்று அறிகிறோம். நம் மலேசியாவின் லங்காவித் தீவிலும், மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகிக் கடலடியில் உதிர்த்தவை என அறிஞர் கருதும் கற்கள் அக்காலப் பாறைகளில் உள்ளன.

இந்திய விலங்கினங்களைப் பற்றியும் அரிய நூல்கள் படைத்த பிளான்போர்டு, 1905ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் மறைந்தார்.

தோட்டப் பள்ளியில் கற்பித்த நாள்களில், சட்டைப் பையில் கற்களைச் சேர்த்து வந்த சிறுவர்களை நாம் கடிந்து, அவற்றை வெளியே எறியச் செய்ததுண்டு. இவர் வரலாற்றை அறிந்தபின் அதற்காக வருந்தினோம். இனி நீங்கள் கல்லொன்றைக் கொண்டு வந்தால், எறியச் சொல்லமாட்டோம். அது எங்கிருந்து வந்தது, யார் சுமந்து வந்தார் என்று உங்களோடு அமர்ந்து ஆராய்வோம்.