நம்பிக்கையையும் பரிணாமத்தையும் இணைக்க முயன்ற பாதிரியார் தெயார் த ஷார்தன்

பிரான்ஸின் ஓவெர்ன் பகுதியில் 1881 மே 1-ஆம் தேதி பிறந்த பியேர் தெயார் த ஷார்தன், கத்தோலிக்கப் பாதிரியாராகவும் நிலவியல் அறிஞராகவும் வாழ்ந்தவர். 1899-இல் இயேசு சபையில் சேர்ந்த அவர், 1911-இல் குருவானார். முதல் உலகப் போரில், காயமுற்ற வீரர்களைத் தூக்குப்படுக்கையில் சுமந்து வரும் பணியாற்றி, பதக்கம் பெற்றார். 1922-இல் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றார்.

உயிர்கள் படிப்படியாகப் பரிணமிப்பதே இறைவனின் படைப்பு முறை என்பது அவரது கருத்து. ஆதிப் பாவம் குறித்து அவர் எழுதிய குறிப்பு திருச்சபை மேலிடத்தின் அதிருப்திக்கு உள்ளானதால், பாரீஸில் கற்பிக்கும் பணியை இழந்தார். அதன்பின் சீனாவில் நெடுங்காலம் ஆய்வு செய்த அவர், பீகிங் மனிதனின் புதைபடிவங்கள் கிடைத்த அகழாய்விலும் பங்கேற்றார். 1935-இல் இந்தியா வந்து, ஹெல்முட் டி டெர்ராவுடன் நர்மதைப் பள்ளத்தாக்கின் படிவுகளை ஆராய்ந்தார்.

அவரது முதன்மை நூலான 'மனித நிகழ்வு' வெளிவர ரோம் அனுமதி மறுத்தது. அவர் சபையை விட்டு விலகவில்லை, ஆணைக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் கருத்தைக் கைவிடவில்லை. 1955 ஏப்ரல் 10-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கில் மறைந்தார். அவர் காணக் கிடைக்காத அந்நூல் அதே ஆண்டில் அச்சேறியது. 1962-இல் வத்திக்கான் அவரது எழுத்துகள் குறித்து எச்சரித்தது. எனினும் பிற்காலப் போப்பாண்டவர்கள் அவரைப் பாராட்டிப் பேசினர்.