சிறுநீரக நோய் கண்ட செம்மல்

முட்டையின் வெண்கருவைச் சூடேற்றினால் அது வெண்மையாகத் திரள்வதை நம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். அந்த எளிய மாற்றத்தைத் துணைகொண்டு ஒரு கொடிய நோயின் இருப்பிடத்தைக் காட்டியவர் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு பிரைட்.

1789இல் பிரிஸ்டல் நகரில் செல்வ வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். இடையே 1810இல் ஐஸ்லாந்துக்குக் கப்பலேறினார். பின்னர் ஹங்கேரியைச் சுற்றிவந்து பயண நூலும் எழுதினார். (பணம் படைத்தவர், ஊர் சுற்றினார் என்றே நானும் முதலில் எண்ணினேன்.) 1820இல் இலண்டன் கய்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே வந்தவர்கள் ஏழைகள்.

உடல் வீங்கி வருவோர் அந்நாளில் பலர். அவர்களுடைய சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார் பிரைட். சிலருடையது வெண்கருபோல் திரண்டது. அவர்கள் இறந்தபின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. வீக்கம், புரதம் ஒழுகும் சிறுநீர், பழுதுற்ற சிறுநீரகம் ஆகிய மூன்றையும் இணைத்து 1827இல் நூல் வெளியிட்டார். அத்தகையோரின் இதயம் பெருத்திருப்பதை 1836இல் எழுதினார். இரத்த அழுத்தம் அளக்கும் கருவி நோயாளியிடம் வந்து சேர அதற்குப்பின் அறுபது ஆண்டுகள் ஆயின! 1842இல் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. அருகிலேயே ஆய்வுக்கூடமும் அமைந்தது. ஆயினும் இரத்தம் வடிப்பதும் பேதிக்குக் கொடுப்பதுமே அன்றைய மருத்துவம். நோயை அறிந்தும் தீர்க்க இயலாமல் எத்தனை பேரை அவர் அனுப்பிவைத்திருப்பார்! 1858இல் இதய நோயால் மறைந்தார்.

இவர் வரலாற்றைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தை கல் உடைப்பவர். மாலையில் அவர் கணுக்காலை அழுத்தினால் குழி விழும். நாளெல்லாம் வெயிலில் நிற்பதால்தான் என்பார். இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரை, கூழுக்குக் கருவாடு, தண்ணீர் குடிப்பதோ அரிது. வெயிலில் நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வலி இருந்தால்தானே நோய்? சிறுநீரகம் பெரும்பாலும் வலிக்காமலே கெடுகிறது.

மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். கரண்டியும் சுடரும் தேவைப்படவில்லை. ஒரு சிறு பட்டையை நனைத்ததும் நிறம் மாறியது. புரதம் சிறிதளவுதான். ஆனால் இரத்த அழுத்தம் மிகுதி. வலி மாத்திரையை நிறுத்தினார்கள். அழுத்தத்துக்கு மருந்து தந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

கருவாடு இல்லாத கூழைக் குடிக்கும்போதெல்லாம், இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று அப்பா என்னைத்தான் கடிந்துகொள்கிறார்.